கம்ப்யூட்டருக்குச் சாதி இல்லை என்கிற கதை: வெளிநாட்டில் ஓராண்டுப் படிப்பை முன்வைத்து

1

விளம்பரக் கையேட்டையெல்லாம் ஒரு பிரதியாக எடுத்து விமர்சனம் எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். கவிதையையும் நாவலையும் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகளின் தலைவிதியை எழுதுகிற எழுத்துகள் நம் கண்ணில் படாமலே போய்விடும். பட்டா, மனு, சாதிச் சான்றிதழ், வங்கிப் படிவம் – சேரியில் அதிகமாக வாசிக்கப்படும் பிரதிகள் இவைதாம். இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது, ‘கணினி அறிவியல் பட்டப்படிப்பு, ஓராண்டு வெளிநாட்டில்’ என்று சொல்லும் வழவழப்பான கையேடு.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இப்படியொரு படிப்பு ரொம்ப நாளாக உண்டு. மூன்று வருசப் பட்டம் நான்கு வருசமாகும். இடையில் ஒரு வருசம் வேறு நாட்டில் படித்துவிட்டுத் திரும்பலாம். நம் ஊரில் அது வேறு உருவத்தில் வந்தது. ‘மூணு வருசம் இங்க, ஒரு வருசம் அங்க’ என்று தனியார் கல்லூரிகள் கூவி அழைத்தன. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென விதிகளை வகுத்தது. ‘ட்வின்னிங்’ என்கிற வகையில் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பெறலாம். அதற்குப் பத்து வருசம் முன்பே, 2012இல், இத்தகைய ஓர் ஏற்பாட்டில் என் கடைசி வருசத்தை இங்கிலாந்தில் படித்தவன் நான். ஆகவே இந்தக் கதையை வெளியே நின்று வாசிக்கவில்லை.

கையேட்டில் ஒரு கதாநாயகன் இருக்கிறான். அவனுக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, கடன் இல்லை. வீட்டைவிட்டு முதன்முறையாகப் பிரிகிறான். தனியாகச் சமைக்கிறான், தன் துணியைத் தானே துவைக்கிறான், பல நாட்டாரோடு பழகுகிறான், ‘உலகக் குடிமகன்’ ஆகித் திரும்புகிறான். நான் பார்த்த கையேடு ஒன்றில், துணி துவைக்கக் கற்றுக்கொண்டதை ஒரு மாணவர் தம் பெரிய சாதனையாகச் சொல்லியிருந்தார். ஆதிதிராவிடர் நல விடுதியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே நாங்கள் கற்றுக்கொண்டது அது. பதினோரு வயதில் வீட்டைப் பிரிந்து, தட்டைக் கழுவி, சட்டையைத் துவைத்துப் போட்டவனுக்குச் சுயசார்பு கற்றுத்தர லண்டன் தேவையில்லை. யாருடைய அனுபவத்தைப் பொது அனுபவமாக ஆக்கி இந்தக் கதை சொல்லப்படுகிறது என்பது இந்த ஓரிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

2

கையேடு மறைக்கிற இரண்டாவது பிரதி பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954–55இல் தொடங்கியது. 2021–22 முதல் நாடு முழுமைக்கும் 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. இது முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. இளநிலைப் படிப்புக்குக் கிடையாது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையோ இந்தியாவுக்குள் படிப்பதற்கு மட்டும். ஆக, இளநிலைப் பட்டத்தின் நடுவே வருகிற அந்த ஒரு வருசம் இரண்டு திட்டங்களுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. அப்பன் மடியில் பணம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் வங்கி.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பது வங்கிகளின் வழக்கமான நடைமுறை. சொத்து என்றால் என்ன சொத்து? சேரியில் இருக்கிற வீட்டை மேலாளர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “காலனி வீட்ட யார் சார் ஏலத்துல எடுப்பாங்க?” என்று எங்கள் எதிரிலேயே இன்னொருவரிடம் சொன்னார். நிலத்துக்கு விலை போடும்போது சாதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்த என் தாய்மாமன், அரக்கோணத்தில் வாங்கியிருந்த தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு இரண்டு பெண்கள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தின் எடை எனக்கு இன்றும் தெரியும்.

அடுத்தது விசா. படிப்புக்கும் சாப்பாட்டுக்குமான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. அன்றன்றைய கூலியை அன்றன்றைக்கே செலவழித்து வாழ்கிற குடும்பத்தில், பணம் என்பது ஓடிக்கொண்டே இருக்கிற பொருள். அது 28 நாள் அசையாமல் படுத்திருப்பதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. என் அம்மா கேட்டாள்: “அம்மாம் துட்டையும் சும்மா வச்சிக்கினு பாத்துக்கினே இருக்கணுமா?” கணக்கில் காட்டுவதற்காகவே வட்டிக்குப் பணம் தருகிற ஆட்கள் உண்டு. உலகக் குடியுரிமையின் முதல் தவணை கந்துவட்டிக்காரனுக்குப் போகிறது. இது எந்தக் கையேட்டிலும் வராது.

இன்னொன்றையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். 2022இல் அந்தத் தேசிய உதவித்தொகைத் திட்டத்திலிருந்து இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகம் தொடர்பான பாடங்களை ஒன்றிய அரசு நீக்கியது. எந்திரத்தைப் படிக்கப் போகலாம். சாதியைப் படிக்கப் போகக்கூடாது. கணினி அறிவியலை அரசும் சாதி இந்துக்களும் எதற்காக இத்தனை பிரியத்தோடு ஆதரிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். அது நம்மைப் பற்றி எதுவும் கேட்காத அறிவு. குறைந்தபட்சம், அப்படித்தான் நம்பவைக்கப்பட்டிருக்கிறோம்.

3

வெளிநாட்டுப் படிப்பு குறித்து நம்மிடம் உள்ள மகத்தான பிரதி அம்பேத்கருடையது. 1930களின் நடுவில் அவர் எழுதிவைத்த சிறு நினைவுக் குறிப்பு அது. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறுநூலாக வெளியிட்டது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தலைப்பு. தலைப்பைப் பார்த்து உள்ளே போகிறவர் ஏமாந்துபோவார். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பற்றி அதில் சில வரிகளே உண்டு. சொல்லப்படும் சம்பவங்கள் அத்தனையும் இந்திய மண்ணில் நடந்தவை: மாட்டு வண்டிக்காரன், விடுதி, குதிரை வண்டி, கோட்டையின் குளம், மருத்துவர், அலுவலகம். விசா தேவைப்பட்டது சொந்த நாட்டுக்குள் நுழைவதற்கு.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனவர் அவர். ஐந்து வருச அயல்வாழ்வு, தாம் தீண்டப்படாதவர் என்கிற நினைப்பையே துடைத்துவிட்டது என்று எழுதுகிறார். அப்புறம் பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும், எங்கே தங்குவது என்கிற கேள்வி எழுகிறது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் போட்டுத் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு மாடியேறி வருகிறார்கள். இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி இடம் தர மறுக்கிறார்கள்.

கையேட்டின் கதை விமானம் ஏறுவதில் தொடங்கி, பட்டத்தோடு திரும்புவதில் முடிந்துவிடுகிறது. அம்பேத்கரின் கதை திரும்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. பயண எழுத்தை நாம் வாசிக்க வேண்டிய முறையையே இது மாற்றிவிடுகிறது. வெளிநாட்டு வருசம் நமக்கு ஒரு சாட்சியம். சாதி நம் உடம்பில் ஒட்டியிருக்கிற அழுக்கு என்று சொன்னவர்களுக்கு எதிரான சாட்சியம். அதே உடம்புதான் நியூயார்க்கில் நடந்தது. அங்கே ஒட்டாதது பரோடாவில் எப்படி ஒட்டியது? அழுக்கு இருப்பது தெருவில்.

4

ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவனுக்கு அந்த ஐந்து வருசம் கிடைக்கிறதா? இதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

அம்பேத்கர் போன காலத்தில் அங்கே இந்திய மாணவர் கூட்டம் சிறியது. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கு கணிதமும் கணினியும் படித்தவர்கள். கணினி படிக்கப் போகிறவன் அந்நிய தேசத்துக்குப் போகிறான் என்பது பாதி உண்மைதான். அவன் போவது ஓர் இந்திய அறைக்கு.

நான் இருந்த வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் இந்தியர்கள், ஐந்து பேர் கம்ப்யூட்டர். நம் பெயரில் சாதி ஒட்டு இல்லை. அது திராவிட இயக்கம் கொடுத்துவிட்டுப் போன ஒரு நல்லது. விசாப் படிவம் குடும்பப் பெயர் கேட்டபோது அப்பாவின் பெயரை எழுதினேன். வடநாட்டுப் பையன்களால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழ்ப் பையன் ஒருத்தன்தான் முறையாக வந்தான். “எந்த ஊரு?” சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” அதையும் சொன்னேன். “கவுன்சிலிங்ல உங்களுக்குக் கட்ஆஃப் எவ்வளவு?” மூன்று கேள்வியில் முடிந்துவிட்டது வேலை. மறுவாரம் ஃப்ரிட்ஜில் என் தட்டு தனியாயிற்று. காரணம் மாட்டுக்கறி என்றார்கள். அதே வீட்டுக்கு வந்துபோகும் போலந்துக்காரன் மாட்டுக்கறி தின்றபோது யாருடைய தட்டும் தனியாகவில்லை.

வெள்ளைக்காரனுக்கு நான் வெறும் கறுத்த இந்தியன். அங்கே நிறத்துக்கு என்று தனிச் சேரி உண்டு. அதை மறந்துவிட்டு ஐரோப்பாவைப் புகழ்ந்து பாட நான் தயாரில்லை. ஆனால் வகுப்பறையில் என் புரோகிராம் ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் ஓடவில்லை. கம்பைலர் என்னை எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அந்தச் சந்தோசம் உண்மையானது. அதைக் காட்டித்தான் முழுப் பொய்யையும் விற்கிறார்கள்: எந்திரம் சாதி பார்க்காது, ஆகவே எந்திரத்தைச் சுற்றி நிற்கிறவர்களும் பார்க்கமாட்டார்கள்.

இந்தப் பொய்யின் வேர் எங்கே என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் காட்டுகிறார். சென்னை ஐஐடியை மையமாக வைத்து, பரம்பரைச் சலுகை எப்படித் ‘தகுதி-திறமை’ என்று பெயர் மாறியது என்பதைத் தடம் பிடிக்கும் நூல் அது. 1973இல் ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பிறகு பொதுப் பிரிவில் இருப்பவர் ‘சாதியற்றவர்’, ஒதுக்கீட்டில் வந்தவர் மட்டுமே ‘சாதிக்காரர்’ என்றாகிவிட்டது. என் வீட்டுக்காரப் பையன் கட்ஆஃப் கேட்டது இந்த இலக்கணத்தின்படிதான்.

2020இல் கணினி உலகம் தன் மொழியைத் தானே விசாரணை செய்தது. கறுப்பின மக்களின் போராட்டத்தை ஒட்டி, ‘மாஸ்டர்–ஸ்லேவ்’ என்கிற பழைய தொழில்நுட்பச் சொற்களைக் கைவிட வேண்டும் என்ற குரல் வலுத்தது. கிட்ஹப் தன் முதன்மைக் கிளையின் பெயரை அந்த அக்டோபரில் மாற்றியது. அதே வருசம் ஜூனில், ஒரு தலித் பொறியாளருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதிப் பாகுபாட்டுக்காக கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. அவர் இட ஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்பதைச் சக ஊழியர்களிடம் மேலாளர் சொன்னார் என்பது புகாரில் ஒன்று. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் அத்தகைய மசோதாவைத் திருப்பி அனுப்பினார். வழக்குகளின் முடிவு எப்படியும் போகட்டும். ‘கட்ஆஃப் எவ்வளவு’ என்கிற கேள்வி கடல் தாண்டியிருக்கிறது என்பது அரசாங்கக் காகிதத்திலேயே ஏறிவிட்டது.

5

2012 ஏப்ரலில் இங்கிலாந்து, படிப்புக்குப் பிறகு தங்கி வேலை பார்க்கும் விசாவை மூடியிருந்தது. (2021இல் வேறு பெயரில் மறுபடி திறந்தது.) ஆகவே திரும்பினேன். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. “வெஜிடேரியன்தானே?” என்று தொடங்கி “நீங்க என்ன ஆளுங்க?” என்று முடிகிற அந்த நேர்காணலில் ஏழு வீடுகளில் தோற்றேன். லண்டன் சீல் குத்திய பட்டம் கையில் இருந்தது. கம்பெனி நேர்காணலில் அது செல்லுபடியாயிற்று, வீட்டுக்காரரிடம் ஆகவில்லை. எட்டாவது வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். வாடகையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கடனை ஒன்பது வருசம் கட்டினேன். மாமன் வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தபோது அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணமாகி இருந்தது. அந்த வீட்டை வைத்துச் செய்திருக்க வேண்டிய கல்யாணத்தை வட்டிக்கு வாங்கிச் செய்தார்கள். ‘நான் முன்னேறிவிட்டேன்’ என்கிற வாக்கியத்தைத் தனியாக எழுத என்னால் முடியாது.

இதெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பாமாவின் ‘கருக்கு’ (1992), ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002), கே. ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) எல்லாம் பள்ளியையும் விடுதியையும் கல்லூரியையும் நமக்குத் திறந்து காட்டின. ஆந்திரத்தின் சுஜாதா கிட்லா இயற்பியல் படித்து, சென்னை ஐஐடியில் ஆய்வு செய்து, அமெரிக்கா போய் வங்கியில் மென்பொருள் வேலை பார்த்தவர். 2009இல் அந்த வேலை போன பின் நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டர் ஆனார். 2017இல் வந்த அவருடைய ‘ஆன்ட்ஸ் அமங் எலிஃபன்ட்ஸ்’ பெரும்பாலும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் உரிய நூல். அது சரியான தேர்வுதான். ஆனாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வருசங்கள் அந்த நூலின் மையத்துக்கு வரவில்லை. நான் வாசித்தவரை, தமிழ்த் தலித் எழுத்திலும் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

அது காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டர் துறையில் நம் ஆட்கள் பலர் மறைந்து வாழ்கிறார்கள். பார்சிப் பெயரைப் போட்டுக்கொண்டு பத்து நாள் தங்கிய அறையைப்போல, முப்பது வருசம் தங்குகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். மாடிப்படியில் தடிச் சத்தம் கேட்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த மௌனத்தைச் சாதி இல்லை என்பதற்கான ஆதாரமாகக் கையேட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் வாய் மூடியிருப்பதே அவர்களுக்கு விளம்பரம்.

ஆகவே இதை வாசிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். போகாதே என்று சொல்ல மாட்டேன், போ. கதவு திறந்தால் நுழைந்துவிட வேண்டும். இளநிலைப் படிப்பின் வெளிநாட்டு வருசத்துக்கும் உதவித்தொகை வேண்டும், சொத்துப் பிணை இல்லாத கடன் வேண்டும் என்று நம் அமைப்புகள் கேட்க வேண்டும். மேடைகளில் நான் கேட்டவரை இந்தக் கோரிக்கை எழவில்லை. போகிறவர்கள் குறிப்பெடுத்து வையுங்கள். வங்கி மேலாளர் சொன்ன வாக்கியம், 28 நாள் பணத்துக்குக் கொடுத்த வட்டி, ஃப்ரிட்ஜில் தட்டு தனியான தேதி, முதல் புரோகிராம் ஓடியபோது வந்த சந்தோசம் – எல்லாவற்றையும். பெயர் போட வேண்டாம் என்றால் போடாமல் எழுதுங்கள். அந்தக் குறிப்புகள் சேர்ந்தால், அடுத்து போகிற பிள்ளை கையேட்டோடு சேர்த்துப் படிக்க இன்னொரு புத்தகம் இருக்கும்.