எச்சம் இல்லை என்பது பதிலாகாது

'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை' என்று கறிக்கோழிப் பொட்டலங்களில் அச்சிடுவது வழக்கமாகி வருகிறது. தீவனத்தில் மருந்து கலப்பதை ஆதரிப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: அறுப்புக்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிடுகிறோம், கறியில் எதுவும் தங்காது, பிறகென்ன கேடு?

நோயுற்ற கோழிக்கு மருந்து தரத்தான் வேண்டும். ஒப்பந்தப் பண்ணைக்காரர்மேல் பழி போடவும் கூடாது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் அனுப்புவது, அவருக்கு மிஞ்சுவது வளர்ப்புக்கூலி. உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்ததும் நல்ல காரியமே.

ஆனால் கேள்வி எச்சத்தைப் பற்றியதே அல்ல. மருந்து கோழியின் உடலை விட்டுப் போய்விடும். அதற்குத் தப்பிப் பெருகிய பாக்டீரியா போகாது. நோய் தீர்க்கப் போதாத சிறு அளவில் நாள்தோறும் கலந்தால், குடலில் எளியவை செத்துத் தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளிடம் சீக்கிரமே எதிர்ப்புப் பாக்டீரியா பெருகியது. சில மாதங்களில் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் பெருகியது. மருந்து தின்றவை கோழிகள்தாம்.

2015இல் சீனாவில் பன்றிகளிலும் கறியிலும் நோயாளிகளிலும் எம்.சி.ஆர்-1 மரபணு கண்டறியப்பட்டது. கொலிஸ்டினுக்குப் பணியாத இந்தக் குணம் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் பலிக்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதைத்தான் கோழி கொழுக்கக் கொட்டினோம்.

ஒரு பேட்ச் கோழி முடிந்ததும், அந்தப் பாக்டீரியாவோடு கொட்டகையின் கூளம் எருவாக வயலுக்குப் போகிறது. புதுச்சேரியின் பாகூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் வயலுக்குப் போனது மழையில் வாய்க்காலுக்கும் போகும். கூளத்தை அள்ளும் கூலியாளின் கைக்கும் போகும். அவர் அந்தக் கறியை ஒரு துண்டுகூடத் தின்றிருக்க வேண்டியதில்லை. பொட்டலத்துக் கறியைச் சோதிப்பவர் யாரும் இந்தக் கூளத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தின்பவருக்கு மட்டும் தரும் உறுதியை ஊருக்கே தந்ததாகக் காட்டுவது ஏமாற்று.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் நிறுத்தியது. அங்கே கோழித்தொழில் அழிந்துவிடவில்லை.

புதுச்சேரியின் பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனத்தில் என்ன கலந்தது என்று பேட்ச் வாரியாகப் பதிவேடு வைக்கப் புதுச்சேரி அரசு கட்டாயப்படுத்தட்டும். கூளத்தையும் வாய்க்கால் நீரையும் இவ்விரு கல்லூரிகளும் சேர்ந்து சோதித்து, முடிவை ஊராருக்குச் சொல்லட்டும்.