சாலையோரம் ஒளிந்து நின்ற பையன்

பள்ளிக் கால்பந்து ஆட்டம் ஒன்றின்போது இரண்டு பையன்கள் பேசத் தொடங்குகிறார்கள். என்ஜோரோகே கிகுயு இனக் குடியானவர் ஒருவரின் மகன். ஸ்டீபனின் அப்பா, அந்தக் குடியானவர் கூலிக்கு உழைக்கும் பண்ணையின் வெள்ளைக்கார முதலாளி. அக்கம்பக்கத்தில் வளர்ந்தும் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சிறுவயதில் கறுப்புப் பையன்களோடு பேச ஆசைப்பட்டுச் சாலையோரம் ஒளிந்து நின்றதாகவும், முகங்கொடுத்துப் பேசாமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் வெளியே வராமல் இருந்துவிட்டதாகவும் ஸ்டீபன் சொல்கிறான். ஸ்டீபனைக் கண்டால் ஒதுங்கிப் போனவன் என்ஜோரோகே. பேச வாய்த்த அன்று ஸ்டீபன் இங்கிலாந்துக்குக் கிளம்பும் நிலையில் இருக்கிறான்.

கூகி வா தியாங்கோ 1964இல் வெளியிட்ட முதல் நாவலில் வரும் காட்சி இது. எஸ்.பொ. அந்த நாவலை ‘தேம்பி அழாதே பாப்பா’ என்று தமிழுக்குத் தந்தார். கென்யாவின் மாவ் மாவ் போராட்டத்தைத் தொட்ட புனைகதைகளில் நட்பு என்னவாகிறது என்று தேடிப் படிக்கையில், நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த மைதானத்தில்தான்.

போராட்டத்தின் வேர் நிலம். நாவலில் என்ஜோரோகேயின் தந்தை முதல் உலகப்போர் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பி வந்து பார்த்தால் முன்னோர் நிலம் கைமாறியிருக்கிறது. அதைப் பெற்றவரும் அதே போரிலிருந்து வந்த ஆங்கிலேயர். 1952 அக்டோபர் 20இல் காலனி அரசு அவசரநிலையை அறிவித்தபோது வெடித்தது இந்த நெடுநாள் கணக்குதான்.

வெளியாரில் இதை முதலில் பெரிய சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ராபர்ட் ரூவார்க் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1955இல் வந்த அவருடைய நாவலில் பீட்டரும் கிமானியும் ஒன்றாக வளர்ந்த தோழர்கள். பின்னர் ஒருவன் வேட்டையாடுபவன், மற்றவன் வேட்டையாடப்படுபவன். 1957இல் ராக் ஹட்சனும் சிட்னி பாய்ட்டியரும் நடிக்கப் படமாகவும் வந்தது. கதை விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. ஆனால் பண்ணை ஒருவனுடையது, உழைப்பு மற்றவனுடையது என்றிருந்த வீட்டில் வளர்ந்த உறவைப் போராட்டம்தான் பிரித்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கூகியின் ஸ்டீபன் இன்னும் நேர்மையானவன். நட்பு தொடங்கவே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

உண்மையில் உடைந்த நட்பைப் பார்க்க ஊருக்குள் போக வேண்டும். கூகியின் 1967ஆம் ஆண்டு நாவலான ‘கோதுமை மணி’ அங்கேதான் நம்மைக் கூட்டிப்போகிறது. தபாய் கிராமத்து இளைஞர்களுக்கு ரயில் பார்க்க ஸ்டேஷனுக்கு ஓடுவது ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா. ஒருநாள் தச்சன் கிகோன்யோவும் காரஞ்சாவும் போட்டி போட்டு ஓடுகிறார்கள். காரஞ்சா முந்திப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் கிகோன்யோவைக் காணோம். வழியிலேயே மும்பியோடு நின்றுவிட்டான். ஜெயித்த இடத்தில்தான் தோற்றது காரஞ்சாவுக்குத் தெரிகிறது. இந்தச் சின்ன ஓட்டத்துக்குள் நாவல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பிறகு கிகோன்யோ தடுப்பு முகாமுக்குப் போகிறான். காரஞ்சா வெள்ளையர் பக்கம் சேர்ந்து, முகத்தை மூடிய சாக்குத் துணியின் கண்துளை வழியே ஊராரைப் பார்த்து ஆட்காட்டும் வேலை செய்கிறான், ஊர்த்தலைவனாகவும் ஆகிறான். ஆறு ஆண்டுகள் கழித்து வீடு திரும்பும் கிகோன்யோவுக்குக் காத்திருப்பது காரஞ்சாவின் குழந்தையைச் சுமக்கும் மும்பி. முகாமில், வீடு திரும்பும் ஏக்கத்தில், போராட்டத்துக்காகத் தான் எடுத்த சத்தியத்தை ஒப்புக்கொண்டவன் கிகோன்யோவும்தான். கல்லெறியச் சுத்தமான கை எவருக்கும் இல்லை. கூகியின் அண்ணன் ஒருவர் காட்டில் போராளியாக இருந்தவர். அந்த வீட்டிலிருந்து வந்தவர் துரோகிக்கு இவ்வளவு இடம் கொடுத்து எழுதியதுதான் பெரிய விஷயம்.

மேஜா ம்வாங்கியின் காட்டுப் போர் நாவலையும் இந்த வரிசையில் படிக்கலாம். அது வேகமானது, மனங்களுக்குள் அதிகம் நுழையாதது.

மூன்றாவது கோணம் எம். ஜி. வாசாஞ்சியுடையது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர் அவர். விக்ரம் லால் பற்றிய அவருடைய நாவலில் 1953இன் நகுரு ஊர்; விக்ரம், தங்கை தீபா, தோட்டக்காரரின் பேரன் என்ஜோரோகே, ஆங்கிலேயக் குழந்தைகள் பில், ஆனி எல்லோரும் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஆனியின் குடும்பம் ஒரு தாக்குதலில் கொல்லப்படுகிறது. யார் பக்கமும் முழுதாகச் சேர முடியாத கடைக்காரர் வீட்டுப் பையன் விக்ரம் அந்தச் சாவை ஆயுள் முழுக்கச் சுமக்கிறான். விடுதலைக்குப் பிறகும் தீபாவும் என்ஜோரோகேயும் மணக்க முடிவதில்லை. தடை இந்த முறை வெள்ளையரிடமிருந்து வரவில்லை, அவள் வீட்டிலிருந்தே வருகிறது. புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

கென்யா விடுதலை பெற்றது 1963 டிசம்பர் 12இல். மாவ் மாவ் இயக்கத்தின் மீதான காலனி காலத் தடை சட்டப்படி நீங்கியது 2003இல். வாசாஞ்சியின் நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.