ராணித்தலை ரூபாயில் காய் எண்ணுவது எப்படி?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ ஒரு பழைய பீரோவைத் திறந்தால், ‘ராணித்தலை’ வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு கிடைப்பது அதிசயமில்லை. வீட்டார் அதில் ஆண்டைப் பார்ப்பார்கள்: 1840. நகைக்கடைக்காரர் எடையைப் பார்ப்பார்: 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அத்தோடு காசைக் கீழே வைத்துவிட்டால், அதிலுள்ள சுவையில் பாதிகூடக் கைக்கு வராது.

முதலில் அந்த ஆண்டையே நம்பக் கூடாது. முன்னாள் தென்னாற்காடு ஜில்லாவான இந்தப் பகுதியில் ஆற்காட்டு ரூபாயும், வங்காளத்தில் சிக்கா ரூபாயுமாக ஆளுக்கொரு காசு புழங்கிய காலத்துக்கு 1835-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. விக்டோரியா ராணியின் தலை பொறித்த முதல் ரூபாயில் 1840 என்று போட்டவர்கள், 1862 வரை அந்த ஆண்டை மாற்றவே இல்லை. இருபது ஆண்டுக் காசுகள் ஒரே தேதியின் கீழ் ஒளிந்திருக்கின்றன.

எப்படிப் பிரிப்பது? தலைப் பக்கத்தில் ‘விக்டோரியா குயீன்’ என்ற எழுத்து தலைக்கு மேல் இடைவெளியின்றி ஓடினால் அது முந்தைய வகை. தலை நடுவில் புகுந்து ‘விக்டோரியா’ ஒரு பக்கமும் ‘குயீன்’ மறுபக்கமுமாகப் பிரிந்திருந்தால் பிந்தையது. பிறகு காசைத் திருப்பி, ‘ஒன் ருப்பீ’ என்ற எழுத்தைச் சுற்றியுள்ள இலை வளையத்தில் காய்களை எண்ண வேண்டும். 19 காய் உள்ளதும் உண்டு, 35 காய் உள்ளதும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் போதும். நேர் வெளிச்சம் உதவாது. நிழல் விழுந்தால்தான் காய் தெரியும்.

இந்த வேறுபாடுகள் அச்சில் பிறப்பவை. அடித்து அடித்து அச்சு தேயும், விரிசல் விடும். புதிது செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவின் 1794 முதல் 1836 வரையிலான அரை டாலர்களை ஓவர்ட்டன் என்பவர் இப்படி அச்சு அச்சாகப் பிரித்து நூலாக்கினார். எழுத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள இடைவெளிகூட அங்கே ஓர் அடையாளம். பிரிட்டிஷ் இந்தியக் காசுகளை வகைப்படுத்த விரும்புவோர் பிரிட்மோரின் நூலைத் தேடுவார்கள்.

அடுத்து 1862 ரூபாய். இதிலும் தேதி 1874 வரை உறைந்தே நின்றது. ஆனால் பம்பாய் நாணயச் சாலை, தேதிக்குக் கீழும் மேலே உள்ள பூவுக்கு அடியிலும் சிறு புள்ளிகளை வைத்தது. அவை அடித்த ஆண்டைக் குறிப்பவை. ஒரே தேதியில் புள்ளி மட்டும் மாறும் காசுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது, தொடங்குபவருக்குக் கிடைக்கும் மிக நல்ல பயிற்சி.

வெள்ளி என்றதும் விபூதி போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குத்துவிளக்குக்கு அது நல்லது, காசுக்குக் கொடுமை. ஒரே தேய்ப்பில் புள்ளியும் போகும், காயும் மழுங்கும். கருமை அப்படியே இருக்கட்டும். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பி.வி.சி. உறையில் நாள்பட வைக்கக் கூடாது.

கண் பழகியவர் கடைசியில் தேட வேண்டியது சென்னையின் வெள்ளி அரை வராகன். 1808 வாக்கில், மெக்சிகோ, பெரு வெள்ளியில் செய்த ஸ்பானிஷ் டாலர்களை எடுத்து அவற்றின் மேலேயே கம்பெனி இதை அடித்தது. ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும். மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தெலுங்கு, தமிழ் என நான்கு மொழி எழுத்துகள். நட்சத்திரங்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிஷ் எழுத்தின் சுவடு இன்னும் அழியாமல் தெரியும். தென்னிந்தியக் காசு சேகரிப்பில் இதைவிட அழகான அடையாளம் வேறில்லை.

விலை அதிகம் என்பதால் முதல் காசாக அதை வாங்க வேண்டியதில்லை. மாலையில் கோக்கத் துளையிட்ட, கொக்கி பற்றவைத்த 1840 ரூபாய்களைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் அவை மலிவு. துளை விழுந்த இடம் தவிர மற்ற காய்கள் எல்லாம் அதிலும் அப்படியே இருக்கும்.