பளபளப்பு பாட்டைக் காக்குமா?

கிருஷ்ணன்கோவில் வழியாகக் குற்றாலம் போகும் சுற்றுலா வேன்களில் ஏறியிருந்தால் கவனித்திருப்பீர்கள். பாட்டுக் கருவியின் ஆம்ப்ளிஃபையர் இருக்கைக்கு அடியில் கிடக்கும். அதன் பெட்டியில் கீறல் விழுந்ததும் புதுப்பிக்கக் கொடுக்கிறார்கள். அலுமினிய வரித்தகடுகள் கண்ணாடிபோல் பாலிஷ் ஏறியோ, பட்டி பூசி இடுக்குகள் அடைபட்டோ திரும்பி வருகின்றன. பார்வைக்கு அழகுதான், இயற்பியலுக்கு ஒவ்வாத அழகு.

ஏபி வகை ஆம்ப்ளிஃபையரில், வழக்கமாக இசை ஒலிக்கும்போது, பேட்டரி தரும் மின்திறனில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. (டி வகையில் இழப்பு மிகக் குறைவு.) அதை வெளியேற்றவே வரித்தகடுகள். லெஸ்லி 1804-இல் விவரித்த வெந்நீர்க் கனசதுரத்தை நினைவுகூருங்கள். மெருகிட்ட அலுமினியத்தின் கதிர்வீச்சுத் திறன் சுமார் 0.05 தான், பெயிண்ட் பூசிய பரப்புக்கோ சுமார் 0.9. கறுப்பு நிறமே வேண்டும் என்பதும் தவறு. இந்த வெப்பநிலையில் வெளிப்படுவது அகச்சிவப்புக் கதிர். அதன் கண்ணுக்கு வெள்ளைப் பெயிண்டும் ஏறக்குறையக் கறுப்பே!

பெயிண்ட் வெப்பத்தைத் தடுக்காதா என்பீர்கள். தகட்டைத் தழுவும் காற்றுப் படலத்தின் தடையோடு ஒப்பிட்டால், மெல்லிய பூச்சின் தடை புறக்கணிக்கத்தக்கது. ஆனால் டிரான்சிஸ்டர் அமரும் இடத்தில் மட்டும் பெயிண்ட் படவே கூடாது. அதன் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு பரப்பின் வழியே பாய வேண்டும். கழற்றிய மைக்காத் தகட்டையும் வெப்பப் பசையையும் மறக்காமல் வையுங்கள். மைக்கா விடுபட்டால் குறுக்குச் சுற்று ஏற்படலாம்.

இத்தனையும் செய்து, கம்பளத்தால் மூடித் திணித்தால் என்ன பயன்? தகடுகள் செங்குத்தாக நிற்க, சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். சிறு மின்விசிறி ஒன்றும் வைத்துவிட்டால், நிறம் பற்றிய வாதமே பெரும்பாலும் தேவைப்படாது.