பழனி ஏன் தனியாகப் போனான்?

செங்கல்பட்டில் நான் நடத்தும் முதுகலை வகுப்பில், ‘செம்மீன்’ நாவலின் முதல் சில அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்வேன். 1956இல் தகழி மலையாளத்தில் எழுதியது. தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. பெரும்பாலும் கறுத்தம்மா, பரீக்குட்டி காதலைத்தான் எழுதுவார்கள். என் இருபது வயதில் நானும் அப்படித்தான் படித்தேன். சக்கி மகளுக்குச் சொல்லும் கதை அப்போது கண்ணீரை வரவழைத்தது. முதன்முதல் கடலுக்குப் போன மீனவன் புயலுக்கும் சுழிக்கும் சுறாவுக்கும் தப்பிக் கரை சேர்கிறான். கரையில் அவன் மனைவி மேற்கே பார்த்துத் தவம் நிற்கிறாள். அவள் கற்பு அவனைக் காத்ததாம். நெய்தல் என்றால் இரங்கல் என்று படித்துப் பழகியவளுக்கு, கரையில் நிற்கும் அந்தப் பெண் வெகு இயல்பாகத் தெரிந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வரும் மாணவியின் தாளில் நாலே வரிகள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. கருமாதிக்கு வந்த கிழவி ஒருத்தி அம்மாவிடம் கேட்டாளாம்: “அன்னிக்கு வூட்ல இன்னாடி சண்ட?” கடைசி வரி: ‘இதை என்னால் காதல் கதையாகப் படிக்க முடியவில்லை, மேடம்.’

அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடவில்லை. நாவலைத்தான் மறுபடி எடுத்தேன்.

கடலில் உயிர்பிழைக்கும் கதை என்றால் நாம் உடனே ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ என்போம். கிழவர் சாந்தியாகோவுக்கு 84 நாளாக மீன் படவில்லை. அவருடைய துரதிர்ஷ்டத்துக்குப் பயந்து, 40ஆம் நாளே உடன்வந்த பையனைப் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மனைவியின் படத்தைப் பார்த்தால் தனிமை கூடுகிறதென்று, அதைச் சுவரிலிருந்து எடுத்துத் துவைத்த சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார். மீன் படாததற்கு அந்தப் படத்தை யாரும் குற்றம் சொல்வதில்லை.

பழனியும் தனியாகத்தான் போகிறான். வள்ளம் செலுத்துவதில் கெட்டிக்காரன். ஆனால் ஊர் கறுத்தம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அவனோடு கடலுக்குப் போகக் கூட்டாளிகள் பயப்படுகிறார்கள், ஒதுக்கிவிடுகிறார்கள். சின்னத் தோணியில் தூண்டிலோடு ஒற்றை ஆளாகப் போகிறான். பெரிய சுறா மாட்டிய இரவில் பக்கத்தில் இன்னும் இரண்டு கை இருந்திருந்தால்? கடலம்மாவின் கோபத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கும் எனக்கு, இத்தனை வருடம் இந்தக் கேள்வி எழவில்லை. அவனைத் தனியே அனுப்பியது கரையிலிருந்த ஆண்களின் பயம். பழி மட்டும் கறுத்தம்மாவுக்கு.

தகழியை இதில் முழுக்கக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. கறுத்தம்மா பரீக்குட்டியிடம் போகும் அதே இரவில் பழனியைச் சுழியில் இறக்கி, சக்கியின் கதைக்கு அவரே சாட்சி சொல்லிவிடுகிறார். ஆனால் நாவலின் முதல் பேச்சு வள்ளமும் வலையும் வாங்குவதைப் பற்றியது என்பதையும் எழுதியவர் அவர்தான். பரீக்குட்டியிடம் வாங்கிய கடனைச் செம்பன்குஞ்சு திருப்பவில்லை. அந்தக் குடும்பத்தில் கூடை சுமந்து மீன் விற்றவள் சக்கி. அவள் உழைப்பும் அந்த வள்ளத்தில் இருக்கிறது. மகளுக்குக் கற்புக் கதை சொன்னவளும் அவளே.

எங்கள் கரையில் கடல் கிழக்கே. மாணவியின் அம்மா விடியலில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுகிறார். மேற்கு நோக்கித்தான் வருகிறார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

‘கறுத்தம்மாவின் கற்பு குறித்துக் கட்டுரை வரைக’ என்று வருடந்தோறும் நான் கேட்டுவந்த வினாவை இந்த முறை எடுத்துவிட்டேன்.