ஆர்.எக்ஸ். 100: ஏறுவதற்கு மட்டுமா வண்டி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா அருகே நின்றால், ஏற்காடு போகிற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிகளைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு இன்று லட்சத்துக்கு மேல் விலை பேசுகிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பழைய வண்டி மேல் ஆசை வைப்பதில் தவறில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிளெண்டரை விற்றுவிட்டு இதை வாங்குவது முன்னேற்றம் என்று வாதாடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

வண்டியின் பெருமை பொய்யல்ல. 1985இல் வந்தபோதே 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டித்தான். இன்றைய நூறு சி.சி. வண்டிகளே எட்டுக் குதிரைத்திறனோடு நின்றுவிடுகின்றன. கேம், டைமிங் செயின் என்ற தொல்லைகள் இல்லாத டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஏற்காடு சாலையில் கோரிமேடு தாண்டி மேடு தொடங்கியதும் அது இழுக்கிற இழுப்பை அனுபவித்தவர் மறக்கமாட்டார். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏறியவர் இறங்கியாக வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக நான் சொல்லிவரும் ஆட்சேபம் இதுதான்: பிரேக்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இருவர் உட்கார்ந்த வண்டியின் மொத்த எடை 230 கிலோ என்று கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் இன்ஜினும் தாங்கியது போக மிச்ச வெப்பமெல்லாம் இரண்டு 130 மி.மீ. டிரம்களுக்குள் இறங்குகிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். பத்தாவது வளைவில் பாதி பிடித்தால் நின்ற வண்டிக்குப் பதினைந்தாவது வளைவில் லிவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

“ஸ்பிளெண்டரிலும் அதே டிரம்தானே?” என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி, கியரில் விட்டு இறக்கினால் தானே இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. வேகம் கூடிய வண்டிக்கும் வேகம் குறைந்த வண்டிக்கும் ஒரே அளவு பிரேக் என்றால், முன்னேறியது எது? 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில், ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடாவது இருப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். இரண்டுமே ஆர்.எக்ஸ்.ஸில் இல்லை.

இறக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த இன்ஜினுக்கு ஆயில் போவது ஆக்ஸிலரேட்டரைத் திறக்கிற அளவையும் பொறுத்தது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வண்டிகள் ஏராளம். அவற்றில் பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். ஆக்ஸிலரேட்டரை மூடி, தாழ்ந்த கியரில் நெடுந்தூரம் இறக்கினால் பிஸ்டன் காயும். இன்ஜினைக் காப்பாற்ற நினைத்தால் பிரேக் தேயும். பிரேக்கைக் காப்பாற்ற நினைத்தால் பிஸ்டன் பிடிக்கும்.

பட்டறையில் வண்டி கைமாறும்போது கவனித்திருக்கிறேன். டேங்க் பெயிண்ட், குரோம், இன்ஜின் நம்பர், சைலன்சர் சத்தம் என எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். “ஜப்பான் இன்ஜின்” என்று விற்பவர் சொன்னதும் விலை ஏறுகிறது. சக்கரத்தைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முப்பது வருடம் தேய்ந்த டிரம்முக்குப் புது ஷூ போட்டாலும் முழுதாய் ஒட்டாது. சிலர் வேறு வண்டியின் முன் ஃபோர்க்கைப் பொருத்தி டிஸ்க் பூட்டிக்கொள்கிறார்கள். ஒரிஜினல் என்று கொடுத்த விலை அங்கேயே வீண், ஆர்.டி.ஓ. அனுமதியில்லாத மாற்றம் என்ற வம்பும் சேர்கிறது.

அதே பணத்துக்கு, 2019க்குப் பிறகு வந்த, முன் டிஸ்க்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள 150 சி.சி. வண்டியைப் பழையதாகவே வாங்கலாம். மலைக்குப் போகிறவருக்கு முன்னேற்றம் அதுதான். ஆர்.எக்ஸ். மேல் காதல் விடாதென்றால், இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள், இருப்பதை விற்காதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் இரு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். மறுபடி மாட்டிய பின், பிரேக்கை அழுத்தியபடி பின் டிரம் ஓரத்து லிவரைப் பாருங்கள். கம்பியோடு அது செங்கோணத்தைத் தாண்டித் திரும்பினால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.