தற்புகழ்ச்சியும் தோட்டத்து இளைஞனும்: ‘வல்லவன்’ சொல்லிசைத் தொகுப்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் இரப்பர்த் தோட்டம் பெற்ற இடத்தை, தோட்டத்தை விட்டு வெளியேறிய இளைஞன் இன்னும் பெறவில்லை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ முதலிய நாவல்கள் தோட்ட வாழ்வைப் பதிவு செய்துள்ளன. ஆயின், அவ்வாழ்வு கலைந்த பின் வளர்ந்த தலைமுறையின் குரல் எங்கே ஒலிக்கிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பேராக் மாநிலத்தில் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. வேலை போனபோது லயத்து வீடும் போயிற்று. 1985ஆம் ஆண்டின் ஈய விலை வீழ்ச்சி கிந்தா பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த ஈயத் தொழிலையும் முடக்கியது. ஈப்போவின் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாவலை நாடவில்லை; பாடலை நாடினர். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் ‘யோகி பி & நட்சத்திரா’ என்னும் பெயரில் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை, குறிப்பாக அதிலுள்ள ‘மடை திறந்து’ பாடலை, இப்பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

கொரிய முன்னோடி

இளைஞர் இசை சமுதாய விமர்சனமாக மாறிய தெளிவான சான்று கொரியாவில் உண்டு. 1992இல் அறிமுகமான ‘சோ தைஜியும் சிறுவர்களும்’ என்னும் குழு, 1994இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில் மாணவரை ஒரே அச்சில் வார்க்கும் பள்ளிக் கல்வியை நேரடியாகச் சாடியது. குழுவின் தலைவர் தாமே உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர். 1995இல் வந்த நான்காம் தொகுப்பு, வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளை நோக்கிப் பேசியது. அதே தொகுப்பில் ஒரு பாடலின் வரிகளைத் தணிக்கைக் குழு மறுத்தபோது, சொற்களை நீக்கி இசையை மட்டும் வெளியிட்டனர். அந்த மௌனமே எதிர்ப்பாயிற்று. 1996இல் முன்தணிக்கை முறை நீக்கப்பட்டது. அவ்வாண்டே எச்.ஓ.டி. குழுவின் முதல் தொகுப்பு பள்ளி வன்முறையைப் பாடுபொருளாக்கியது. இப்பாடல்களில் குற்றம் சாட்டப்படுவது எது என்பதில் ஐயமில்லை. அது பள்ளி, அல்லது அதைத் தாங்கி நிற்கும் ஒழுங்கு.

பழைய பாடலும் புதிய குரலும்

‘மடை திறந்து’ புதிதாகப் பிறந்த பாடலன்று. பாரதிராஜா இயக்கி 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ திரைப்படத்திற்காக வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலே இதன் மூலம். வாய்ப்பின் வாசலில் நிற்கும் இளம் இசைக்கலைஞன் ஒருவனின் களிப்பை அது வெளியிடுகிறது. ஆயினும் அப்படம் வேலையும் வழியுமற்ற இளைஞர்களின் கதையாகும். தோல்வியைச் சொல்ல வந்த படத்திற்குள் நம்பிக்கையைச் சொல்லும் பாடல் அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

யோகி பி குழுவினர் இம்மெட்டைச் சட்டகமாக வைத்துக்கொண்டு, அதனிடையே தம் சொல்லிசையை அமைத்தனர். 1990களில் ‘பொயட்டிக் அமோ’ குழுவில் பன்மொழிச் சொல்லிசை பயின்ற யோகி பி, இங்கே தமிழை மையமாக்குகிறார். அமெரிக்கச் சொல்லிசை பெரிதும் அடியீற்று ஒலி ஒப்புமையை, அதாவது இயைபை, நம்பியது. தமிழ்ச் செவியோ அடிமுதல் எதுகைக்கும் மோனைக்கும் பழகியது. இவ்விரண்டும் ஒரே பாடலில் சந்திப்பது யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்க்குக் கிடைத்த நல்ல சான்றாகும். ஆங்கிலம் கலந்ததால் மட்டுமே இதனைப் புறந்தள்ளுவது முறையாகாது.

நன்னூல் தரும் அளவுகோல்

இப்பாடலின் மீது வைக்கப்படக்கூடிய முதன்மையான குற்றச்சாட்டு தற்பெருமை. தொகுப்பின் பெயரே ‘வல்லவன்’. பல துறை நூல்களைச் செய்து முடித்தவனும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூல் பாயிரத்தின் பொதுவிதி. எனினும் பவணந்தி முனிவர் அவ்விதிக்கு நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவரிடையேயும், அவையில் வாதம் வெல்ல வேண்டிய பொழுதும், எதிர்தரப்பார் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்.

இவற்றுள் இரண்டாம், நான்காம் விலக்குகள் நம் பொருளுக்கு நேரே பொருந்துகின்றன. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த இளைஞனின் ஆற்றலைப் புதிய இடம் உணரவில்லை. குண்டர் கும்பல், படிப்பு ஏறாதவன் என்னும் பழிச்சொற்களே அவனுக்கு முன்னே சென்று நின்றன. இந்நிலையில் ‘வல்லவன்’ என்று தன்னை அழைத்துக்கொள்வது செருக்கன்று, மறுமொழி. கொரிய இளைஞன் பள்ளியைச் சாடினான்; நம் இளைஞன் முதலில் தன் பெயரை மீட்க வேண்டியிருந்தது. தாழ்வாக எண்ணப்பட்ட மொழியிலேயே அவன் அதனைச் செய்தான் என்பது இதன் தனிச்சிறப்பு.

எல்லையும் குறையும்

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. நன்னூல் கூறும் விலக்கு, பழித்தவரை எதிரில் நிறுத்துகிறது. ‘மடை திறந்து’ பாடலளவில் அந்த எதிரி முகமற்றவன். தோட்டத்தை விற்றவர் யார், லயம் ஏன் இடிந்தது, பிள்ளை ஏன் பள்ளியை விட்டான் என்னும் வினாக்கள் அதில் எழுவதில்லை. மேலும் ‘வல்லவன்’ ஒருமைச் சொல். மேடை ஏறியவனின் வெற்றி, ஏறாதவரின் நிலையைத் தானாகவே மாற்றிவிடாது. பின்னர்த் தமிழகத் திரையுலகம் இக்குரலை வரவேற்றது. ‘பொல்லாதவன்’ (2007), ‘விவேகம்’ (2017) படங்களில் யோகி பியின் குரலைக் கேட்கிறோம். ஆனால் அங்கு அது கதைநாயகனின் புகழுக்குத் துணைக்குரலாகவே அமைந்தது. தன்னைப் புகழும் உரிமையைப் போராடிப் பெற்ற குரல் பிறரைப் புகழும் பணிக்கு அமர்த்தப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

‘வல்லவன்’ தோட்டத்து இளைஞனின் வரலாற்றைச் சொல்லவில்லை; அவ்வரலாற்றைச் சொல்லத் தமிழ் போதும் என்னும் துணிவைத் தந்தது. எஞ்சிய பணி ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் சார்ந்தது. சிம்மோரிலோ சுங்கை சிப்புட்டிலோ வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து மேசையில் தாளம் தட்டும் மாணவன் இலக்கணத்துக்கு அந்நியன் அல்லன். எதுகையும் இயைபும் அவன் விரல்நுனியில் உள்ளன. அவற்றின் பெயர்களை மட்டுமே அவன் அறியான். பெயரை நாம் கற்பிப்போம். பழித்தவர் யார் என்பதை எழுதும் உரிமை அவனுடையது. அவ்வாறு எழுதப்படும் நாளில்தான் நம் தோட்ட இலக்கியம், தோட்டத்தின் வாயிற்கதவைத் தாண்டி வெளியே வந்ததாகக் கொள்ளலாம்.